தறி வீட்டுப் பிள்ளையின் காது

20.7.1989, வியாழன்

இன்னும் மனசு அடங்கவில்லை. கூப்பிட்டால் திரும்பாத என் மகள் செல்வியை, "ஏட்டி, காது செவிடா?" என்று எத்தனை நாள் அடித்திருக்கிறேன்.

போன வாரம் அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனது ஐந்து வயது ஊசிக்காகத்தான். காய்ச்சல் இல்லை, சளி இல்லை. ஊசி போட்ட டாக்டரம்மா அவளுக்குப் பின்னால் நின்று, "பால்கோவா வேணுமா?" என்று மெல்லக் கேட்டார். அவள் திரும்பவே இல்லை.

"வீட்டுல யாரும் கவனிக்கலையா?"

"விசைத்தறி ஓடுற வீடும்மா. எல்லாருமே கத்தித்தான் பேசுவோம்."

வெள்ளிதோறும் நான் காதில் விட்ட எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து இரண்டு காதையும் அடைத்திருந்ததாம். ஒரு வாரம் சொட்டு மருந்தில் ஊறவைத்து, இன்று தண்ணீரைப் பீச்சி வெளியே எடுத்தார். ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு இருந்தது. அடுத்த நிமிடம் என் வளையல் உரசிய சத்தத்துக்குச் செல்வி திரும்பிப் பார்த்தாள்.

சாயங்காலம் செட்டியார்பட்டிக்குத் திரும்பினோம். வாசலிலேயே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அம்மா, உள்ள என்ன சத்தம்?"

அந்தத் தறிக்குப் பக்கத்தில்தான் தினமும் அசந்து தூங்குவாள்.