லேத்துக்கு ஓர் இடம்

ஜூலை 1, செவ்வாய்

காலையிலிருந்தே சோழகக் காற்று. பின்பக்கக் கொட்டிலின் தகரம் எழும்பி எழும்பி அடிக்கிறது. ஆணி அடிக்கவேண்டும். அடிக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கொட்டிலை இன்னொரு தடவை அளந்தேன். நீளம் போதும், வாசல் ஒடுக்கம்.

கத்தாரில் பதினாலு வருடம் லேத் என்கிற கடைசல் மெஷின் முன் நின்று இரும்பு கடைந்தவன். ஊருக்கு வந்ததிலிருந்து கதவுப் பூட்டுகளுக்கு எண்ணெய் போடுகிறேன். ஒரே பூட்டுக்கு இரண்டு தடவை. வீட்டிலேயே சின்னதாகப் பட்டறை போட்டால் கைக்கும் வேலை, மனதுக்கும் வேலை. ஆனால் எந்த லேத்?

புதுசு: கொழும்புக் கடை. சீனத் தயாரிப்பு. மேசையில் வைக்கலாம். வீட்டுக் கரண்டில் ஓடும்.

பழசு: கற்பிட்டியில் அன்ரன் என்பவரிடம். இங்கிலாந்து இரும்பு. ஆளை விட நீளம். மோட்டார் மாற்றவேண்டும், வீட்டுக் கரண்ட் அதற்குக் காணாது. ஒரு தடவை இறக்கினால் இறக்கினதுதான், அசைக்க ஏலாது.

விலை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் விலையைச் சாட்டித் தப்பவும் முடியாது.

மனைவி ரிபாயா பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து சாப்பிட்டாள். அதற்குள் ரியூஷன் பிள்ளைகள். முன் வாசல் முழுக்கச் செருப்பு. இந்த நேரத்தில் எனக்கு வீட்டுக்குள் இடமில்லை. (இனி ரி. என்று சுருக்கி எழுதுகிறேன்.)

"லேத் சத்தம் போடுமா?" என்று கேட்டாள்.

"புதுசு கொஞ்சம். பழசு கூட."

"ம்."

அவ்வளவுதான் கதை.

தோஹாவிலிருந்து பழைய சூப்பர்வைசரின் மெசேஜ். என் இடம் காலியாம், இந்த மாதத்துக்குள் சொல்லட்டாம். ரி.யிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

ஜூலை 3, வியாழன்

கொழும்பு. போகவர பஸ்ஸில் இடுப்பு போய்விட்டது. நேற்றும் ரி.யிடம் சொல்லவில்லை.

கடையில் குளிர். லேத் கண்ணாடிக்குப் பின்னால், கலியாண வீட்டு அலுமாரி மாதிரிப் பளபளவென்று. நீலப் பெயின்ற். கைப்பிடிகள் பிளாஸ்டிக். ஓட்டிப் பார்க்க விட்டார்கள். சத்தம் தையல் மெஷின் அளவு. கொஞ்சம் ஆழமாகக் கத்தியைக் கொடுத்ததும் நடுங்கியது. பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் ஓம். படகு இஞ்சின் ஷாஃப்ட் மாதிரித் தடித்த இரும்புக்கு இல்லை. கடைக்காரப் பையன் அதைக் கவனித்திருக்கவேண்டும். கதையை மாற்றினான்.

"தூக்க ரெண்டு பேர் காணும் நானா. புடிக்கல்லண்டா நாளைக்கே வித்துட்டுப் போகலாம்."

அந்தக் கடைசி வசனம் எனக்குப் பிடித்தது. பிடித்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

மகளுக்குப் பேனை, ரி.க்கு மஸ்கட் அல்வா. மஸ்கட் பஸ்ஸில் நசுங்கிவிட்டது.

ஜூலை 5, சனி

கற்பிட்டி. வழியெல்லாம் மணல் பறக்கிறது. ஹெல்மட்டுக்குள் மணல், பல்லுக்குள் மணல்.

அன்ரன் அண்ணன் அறுபது தாண்டியவர். படகு இஞ்சின் வேலை. அவருடைய பட்டறை களப்புத் தண்ணீரைப் பார்த்த பக்கம். லேத் மேல் பழைய பாய்த்துணி. எடுத்துக் காட்டினார். எண்ணெய்க் கறுப்பு. துரு இல்லை. உப்புக் காற்றில் இத்தனை காலம் துரு இல்லாமல் வைத்திருப்பது சும்மா காரியமில்லை.

பார்த்தவை:
– கியர் எல்லாப் பல்லும் சரி.
– கம்பியைக் கவ்வுகிற சக்கின் பிடி நல்லது.
– கத்தி தாங்கி வண்டி ஓடும் பாதை, சக் பக்கத்தில் தேய்ந்திருக்கிறது. அங்கே தளர்வாக ஓடுகிறது, மறு நுனியில் இறுகுகிறது.
– ஒரு கம்பியைக் கடைந்து அளந்தேன். ஒரு நுனிக்கும் மற்றதுக்கும் மயிரிழை வித்தியாசம்.

"நீளமான சாமானுக்குக் கொஞ்சம் அளவு பிழைக்கும் தம்பி. மறைக்கேல்ல. கட்டையான வேலைக்குத் தங்கம்."

அளந்துகொண்டு நிற்கும்போதே ஒரு படகுக்காரர் வந்தார். ஷாஃப்டில் போடுகிற பித்தளை வளையம், புஷ், தேய்ந்து போச்சாம், இன்றைக்கே வேண்டுமாம், களப்பில் இறால் பட்டுக்கொண்டிருக்கிறதாம். அன்ரன் அண்ணன் என்னைப் பார்த்தார். "கண் ஒப்பரேஷன் செய்து சரியா இன்னும் பிடிபடேல்ல. நீங்கள் கடைஞ்சு குடுங்களன்."

கடைந்தேன். பித்தளைச் சீவல் சுருள் சுருளாக வந்து காலடியில் விழுந்தது. காற்றுச் சத்தம் கேட்கவில்லை. தோஹா ஞாபகம் வரவில்லை. லுஹர் தொழுகைக்குப் பிந்திவிட்டேன், அதுவும் தெரியவில்லை. படகுக்காரர் புஷ்ஷை ஷாஃப்டில் போட்டுச் சுற்றிப் பார்த்தார். தலையாட்டினார். போய்விட்டார்.

பிறகு தேத்தண்ணீர். அன்ரன் அண்ணன் வீட்டைப் பூட்டிக்கொண்டு இத்தாலிக்குப் போகிறார். மகள் கூப்பிட்டிருக்கிறாள்.

"அங்க என்ன செய்யப் போறீங்க அண்ணன்?"

"தெரியாது தம்பி. பேரனுக்குத் தமிழ் விளங்காது. எனக்கு இத்தாலி விளங்காது. ரெண்டு பேரும் சிரிச்சுக்கொண்டிருப்பம்." ஒரு மிடறு குடித்துவிட்டு, "நீங்கள் ஏன் வந்தீங்கள்?"

"விசா முடிஞ்சது" என்றேன். பொய். போன லீவில் மகள் சப்னா எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள், விருந்தாளிகளுக்கு வைக்கிற கோப்பையில். பிசகில்லை, மரியாதைதான். அந்தக் கோப்பையைப் பார்த்துவிட்டுத்தான் தோஹாவுக்குப் போய் வேலையை விடுகிறேன் என்று கடிதம் கொடுத்தேன். இதை யாரிடம் சொல்வது?

வீட்டுக்கு வந்து ரி.யிடம் பழசுதான் என்று சொல்ல இருந்தேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

தகரத்துக்கு ஆணி அடிக்க ஏறினேன். ரி. கிணற்றடியில் அவளுடைய அக்காவோடு ஃபோனில். நான் மேலே இருப்பது தெரியாது. காற்று என் பக்கம் வீசியது.

"ஆள் நல்லம் ராத்தா. ஒரு கொறையும் செல்ல ஏலா. ஆனா விடிஞ்சா அடுக்களைக்க நிக்கிறார். டின்னெல்லாம் எடம் மாத்தி வெக்கிறார். உப்பு எங்கண்டு நான் தேடோணும். மூச்சு முட்டுது. செல நேரம் திரும்பிப் போனாலும் பரவால்ல போல ஈக்கிது."

சுத்தியலைக் கீழே வைக்கவும் முடியவில்லை, அடிக்கவும் முடியவில்லை. அவள் உள்ளே போகும்வரை கூரையிலேயே குந்தியிருந்தேன். ஓணானுக்கும் எனக்கும் வித்தியாசமில்லை.

செல நேரம் என்றுதான் சொன்னாள். எப்போதும் என்று சொல்லவில்லை. ஆனாலும்.

மோட்டார் சைக்கிளை எடுத்து முந்தல் வரை போய் ஒன்றும் வாங்காமல் திரும்பினேன். பெட்ரோல் தண்டம்.

தீர்மானம்: புதுசு. இரண்டு பேர் தூக்கக்கூடியது. தோஹாவுக்கு "வருகிறேன்" என்று எழுதினேன். அனுப்பாமல் அப்படியே கிடக்கிறது.

ஜூலை 7, திங்கள்

ஒன்றும் எழுத இல்லை. உப்பு டின்னைப் பழைய இடத்தில் வைத்தேன். எது பழைய இடம் என்று சரியாக ஞாபகமில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இன்றைக்கு உடைந்தது.

ரி. நேரத்தோடு வந்துவிட்டாள், ரியூஷன் இல்லை. கறிக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று சொன்னேன்: "புதுசு எடுக்கிறன்."

"கற்பிட்டி மெஷின் நல்லமெண்டு சப்னாக்கிட்டச் செல்லி ஈக்கிறீங்க."

"புதுசு லேசு. எடுக்க வெக்க லேசு."

"யாருக்கு லேசு?"

அவள் கத்தியைக் கழுவி வைத்தாள். திரும்பாமலே கேட்டாள். "தோஹாவுக்கு என்ன பதில் குடுத்தீங்க?"

ஃபோன் சார்ஜில் கிடந்தபோது மெசேஜ் வந்ததைக் கண்டிருக்கிறாள். அன்றைக்கே. "நீங்களாச் செல்லுவீங்கண்டு பாத்துக்கிட்டு ஈந்தேன். ஒரு கெழமை."

"நீங்க ராத்தாவோட கதைச்சது கேட்டுச்சு" என்றேன். "நான் கூரைல ஈந்தேன்."

மீன்சட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள். முகம் சிவந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கதிரையை இழுத்து இருந்தாள். எனக்கும் ஒன்றைக் காலால் தள்ளிவிட்டாள்.

"கேட்டா நல்லம். நானாச் செல்ல வாய் வந்திரிக்காது." பிறகு மெதுவாக, பிள்ளைகளுக்குக் கணக்கு விளங்கப்படுத்துகிற குரலில்: "பதினாலு வருசம் இந்த ஊட்டுல எல்லாத்தையும் நான் தனியாத்தான் பாத்த. ஒங்கட உம்மாட மய்யத்தும் நான்தான் பாத்த. பழகிட்டு. இப்ப நான் ஒரு பக்கம் திரும்பினா நீங்க நிக்கிறீங்க, மத்தப் பக்கம் திரும்பினா நீங்க நிக்கிறீங்க. ஒங்களுக்கு எங்க நிக்கிறண்டு தெரியல்ல. எனக்கும் ஒங்கள எங்க வெக்கிறண்டு தெரியல்ல."

"அப்ப போகவா?"

"போங்கண்டா செல்றேன்? ஒரு எடத்தில நில்லுங்கண்டு செல்றேன்."

மீன் வாசத்துக்குப் பூனை வந்து கத்தியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைத் துரத்தினோம்.

"பழசு சத்தம் போடும். உங்கட கிளாஸ்?"

"பிள்ளைகள் வாரத்துக்கு முந்தி நிப்பாட்டுங்க." எழும்பிக் கொட்டிலுக்கு நடந்தாள், நான் பின்னால். சுவரைத் தட்டிக் காட்டினாள். "இந்த வாசல அடச்சிட்டு ஒழுங்கை ரோட்டுப் பக்கம் பெரிய வாசலா வைங்க. என்ட முத்தத்தால கண்ட கண்ட ஆக்கள் வர ஏலா. நீங்களும் காலைல அந்தால போங்க. வேலைக்குப் போற மாதிரி."

தோஹாவுக்கு அனுப்பினேன்: வரவில்லை, வேறு ஆளைப் பாருங்கள். சந்தோசம் என்று எழுத மனமில்லை. பயம் கூடக் கலந்தது.

அன்ரன் அண்ணனுக்கு ஃபோன். "வாறன் தம்பி, நானும் லொறியில வாறன்" என்றார்.

ஜூலை 12, சனி

மேசன் சுவரை உடைத்தார். புழுதி. காற்று அதை நேரே அடுத்த வீட்டுக் கொடித்துணிக்குக் கொண்டுபோனது. மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் ஒரு மணித்தியாலம் கதை. நிலத்துக்குக் கொங்கிரீட் போட்டாயிற்று. காயவேண்டும். தண்ணீர் ஊற்றுவதே வேலை. ஊற்றுகிறேன், நடக்கிறேன், ஊற்றுகிறேன்.

சப்னா: "வாப்பா, கொங்கிரீட் ஓடிப் போகாது. இரிங்க."

ஜூலை 20, ஞாயிறு

லேத் வந்தது. நல்லபடியாக என்று எழுத முடியாது.

கிரேன் லொறி ஒழுங்கை மணலில் புதைந்தது. தென்னை மட்டை, பலகை, எங்கள் தில்லையடியில் பாதி ஆம்பிளைகள், எல்லாம் சில்லுக்குக் கீழே. ஒரு மாதிரி வெளியே வந்தது. தூக்கும்போது பட்டி வழுக்கி லேத் ஒரு பக்கம் சாய்ந்து, சுவரில் மோதி இறங்கியது. லேத்தின் கத்தி வண்டியைத் தள்ளுகிற கைப்பிடி முறிந்து விழுந்தது. நான் அதற்கு நேர் கீழே நின்றிருந்தேன், ரி. என் சேர்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்திருந்தாள். எப்போது வந்தாளோ. இழுத்த இடத்தில் தையல் விட்டுப் போயிருந்தது.

"கைப்பிடிதானே" என்றார் அன்ரன் அண்ணன். முறிந்த துண்டைக் குனிந்து எடுத்தார். "அதையும் இதிலயே கடைஞ்சு போடலாம்."

லேத் தரையில் சமமாக நிற்கும்வரை அவர் போகவில்லை. மட்டம் பார்த்து, தகடு வைத்து, மறுபடி பார்த்து. ரி. சோறு போட்டாள். நன்றாகச் சாப்பிட்டார். அடுத்த கிழமை விமானம்.

பஸ் ஏற்றிவிடப் போனேன். "அடிக்கடி எண்ணெய் பூசுங்கோ" என்றார். பஸ் வந்ததும் ஏறி அந்தப் பக்கச் சீட்டில் போய் இருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

புத்தளத்தில் எடுத்த மோட்டார் பூட்டி ஓட்டினேன். சத்தம் பரவாயில்லை. தேய்ந்த இடம் தேய்ந்த இடம்தான், மயிரிழை இன்னும் அங்கேதான். கைப்பிடி கடைந்தேன். முதல் ஒன்று பிழைத்தது. இரண்டாவது சரி.

காலையில் ஒழுங்கை வழியாகப் போகிறேன். பத்து அடி நடைக்குச் செருப்பு மாட்டி, ஸலாம் சொல்லிவிட்டு. முதல் நாள் வெட்கமாக இருந்தது.

ஒரு வேலையும் வரவில்லை. வாசலில் நின்று ஒழுங்கையைப் பார்க்கிறேன். ஐஸ்பழ வண்டி. ஆடு. ஒரு வேலையும் வரவில்லை.

ஜூலை 26, சனி

காற்று கொஞ்சம் அடங்கியது. பத்து மணிபோல ஒரு பொம்புளை, கையில் சீலைப் பை. இடியப்பம் அவித்து விற்கிறவவாம். பெரிய வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தா.

"ரிபாயா டீச்சர்ட ஊடு இதா?"

"ஓம்."

"இங்க மெஷின் வேல செய்ற ஆள் ஒண்டு ஈக்காம். டீச்சர்தான் செல்லி அனுப்பின. நீங்க யாரு?"

"டீச்சர்ட மாப்பிள்ள."

"அப்ப அந்த ஆள் எங்க?"

"நான்தான்."

தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தா. பிறகு பையை அவிழ்த்து, மா அரைக்கிற மெஷினின் ஷாஃப்டை எடுத்து நீட்டினா. வளைந்திருந்தது. இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டிவிட்டு, சக்கில் பூட்டினேன்.