கண்டக்டர் சம்பந்தி

என் கண்ணான தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமில்லை என்று தெரியும், அதனால் விசாரிக்கவில்லை. போன் மணி கேட்டு ஈரக் காலோடு ஓடி வந்து விழுந்தாய். கூப்பிட்டது நான். இனி உனக்குப் போன் கிடையாது, கடிதம்தான்.

எலும்பு ஒன்றும் முறியவில்லையாம். ஆனாலும் விழுந்துவிடுவோம் என்று பயந்து கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாயாமே? உன் மகன் அழுகிறான். இப்படியே கிடந்தால் காலில் இருக்கிற பலமும் போய்விடும், அப்புறம் எழுப்பவே முடியாது என்று டாக்டர் சொன்னாராம்.

என் சம்பந்தியை உனக்குத் தெரியும். மருமகளின் அம்மா, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாண போட்டோவில் "உள்ள போங்க, உள்ள போங்க, வழில நிக்காதீங்க" என்று மாப்பிள்ளையைப் பெற்ற என்னையே பின்வரிசைக்குத் தள்ளினாளே, அவளேதான். படத்தில் என் நெற்றி மட்டும் தெரிகிறது. நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

போன மழைக்காலத்தில் அவளும் விழுந்தாள். இடுப்பெலும்பே முறிந்தது. மகளோடு இருக்கட்டும் என்று இங்கே கூட்டி வந்தோம். இனிமேலாவது வாயை அடக்கிப் படுத்திருப்பாள் என்று நினைத்தேன். எங்கே! கைத்தடி ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் வீட்டைச் சோதனை போட்டாள். குளியலறை வாசலில் நான் பழைய துணியில் தைத்துப் போட்ட மிதியடியைச் சுருட்டி, "இது மிதியடியா சம்பந்தி, சறுக்கு மரமா?" என்று வெளியே வீசினாள். என் தொளதொள செருப்பும் போயிற்று. குளித்து முடித்ததும் துண்டு போடும் கம்பியைப் பிடித்துத்தான் எழுவேன். அது துண்டைத் தாங்கும், உங்களைத் தாங்காது என்று சொல்லி, கொத்தனாரை வரவழைத்துச் சுவரில் கைப்பிடி பதிக்க வைத்தாள். அதோடு விட்டாளா? "மொதல்ல நீங்க தொங்குங்க தம்பி, அப்புறம் நான் புடிக்கிறேன்" என்றாள். பாவம், தொங்கிக் காட்டினார்.

ஓடுகிற பஸ்ஸில் நின்றே பிழைத்தவள். கை எதையாவது பிடித்த பிறகுதான் அவள் கால் நகரும். தினமும் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறாள், என்னையும் நிறுத்துகிறாள். நான் ஆடினால், "பிரேக் போட்டாச்சு, கெட்டியா நில்லுங்க" என்று அதட்டல் வேறு. பயமே இல்லையா என்று கேட்டேன். "மொத நாள் டியூட்டிலயும் பயந்தேன். அதுக்காக டிரைவர் பஸ்ஸ நிறுத்தினாரா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் அங்கே வருகிறோம். உன் குளியலறையை அவள் பார்த்துக்கொள்வாள். அவள் அதட்டினால் நீ கோபித்துக்கொள்ளாதே, அதற்கு நான் இருக்கிறேன். அதற்குள் மகன் கையைப் பிடித்துக்கொண்டு காலைத் தரையில் வை. நாலு எட்டு நட.

அம்மா பெற்ற பிள்ளைகளில் என்னை அக்கா என்று கூப்பிட நீ ஒருத்திதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை கதவை நீயே வந்து திறக்க வேண்டும். மெதுவாக வா. எவ்வளவு நேரமானாலும் வாசலில் நிற்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் அக்கா