இழுத்தால் ஓடும் செவலை

பாய்,

இன்று காலை கட்டுத்தரைக்குப் போய், ஆணியில் தொங்கிய உங்கள் கடிவாளத்தைக் கையில் எடுத்தேன். நீங்கள் தேய்த்து வைத்த தேங்காயெண்ணெய் வாசம் தோலை விட்டு இன்னும் போகவில்லை. அதற்கு அடியில் செவலையின் வியர்வை வாசம். நீங்கள் கண்ணை மூடிய பிறகு அதை யாரும் ஆணியிலிருந்து எடுக்கவில்லை. இன்று எடுக்க வேண்டியதாகிவிட்டது.

இதை நானே எழுதுகிறேன். பஸ்ஸின் நிறத்தைப் பார்த்து ஏறுகிற ஆள் என்று கேலி செய்வீர்களே, அதே ஆள்தான். பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும். நான் எழுதியதை நானே திரும்பப் படிக்கிறேன் பாய், அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது!

செவலை வந்த நாள் நினைவிருக்கிறதா? அனுப்பர்பாளையத்தில் உங்கள் குடோன் முழுக்க பனியன் கட்டிங் வேஸ்ட். குதிரை நிற்க இடம் ஏது? அதனால் குன்னத்தூர் பக்கம் என் தோட்டத்தில் கொண்டுவந்து இறக்கினீர்கள்.

“எவ்வளவுங்க குடுத்தீங்க?” என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

“காசில்லீங்கம்மா. ரேஸ்ல ஓடி முடிச்ச குதிரை. தத்து எடுத்திருக்கேன்.”

“பேரன் எடுத்த வயசுல தத்துங்களா? அக்காகிட்டச் சொல்லிட்டீங்களா?”

நீங்கள் குதிரையின் கழுத்தைத் தடவினீர்கள். கொடுத்த ஊட்டிக்காரர் சொன்னதை எனக்கு மட்டும் தனியாகச் சொன்னீர்கள். விற்கக் கூடாது. வண்டியில் பூட்டக் கூடாது. ஏறிச் சவாரி செய்ய ஆள் இல்லாமல் போனால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், கட்டிப்போட்டே வைத்தால் அது நொந்துபோகும்.

ஊட்டியில் சுற்றுலாக் குதிரை மேல் நடைபோட்டுப் பழகிய தைரியத்தில் மறுநாளே ஏறினீர்கள். நம் இட்டேரி தெரியுமே, இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற தடம், கடைசியில் தார் ரோடு. பாதி வழியில் தையல் ஷெட். அதன் ஷட்டரைத் தடாரென்று தூக்கினார்கள். செவலை பறந்தது.

நீங்கள் கயிற்றை இழுத்தீர்கள். பிறந்ததிலிருந்து காளை பார்த்த ஊர் இது. மூக்கணாங்கயிற்றை இழுத்தால் எந்த மாடும் நிற்கும். அதனால் நானும் கத்தினேன், என் வீட்டுக்காரியும் கத்தினாள், ஷெட் வாசலில் நின்ற பெண்கள் எல்லோரும் கத்தினார்கள். “இழுங்க! இன்னும் இழுங்க!” நீங்கள் இழுக்க இழுக்க அது இன்னும் வேகமாகப் போனது. ரோட்டில் கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ரோட்டோரம் பைக்கோடு நின்ற உங்கள் மகன் “அத்தா!” என்று அலறியது இங்கே கேட்டது.

உங்கள் கை ஓய்ந்துவிட்டது. கயிற்றை விட்டுவிட்டுப் பிடரி மயிரைப் பற்றிக்கொண்டீர்கள். அவ்வளவுதான். செவலை தளர்ந்தது, நடந்தது, தார் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றது. நான் மூச்சு வாங்க ஓடிவந்தபோது நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

“விட்டேன் மாப்ள, நின்னுடுச்சு!”

பிறகு ஊட்டிக்காரர் போனில் விளக்கினார். ரேஸில் கதவு திறக்கிற சத்தமும் அதே தடார்தான். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் ஓடு என்று அதற்கு அர்த்தம். அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் “விட்டுப் பிடிங்க, விட்டுப் பிடிங்க” என்பது உங்கள் பேச்சானது. உங்கள் மகன் மட்டும் அதற்குப் பிறகு செவலை பக்கமே வரவில்லை.

அந்த மகன்தான் இன்று காலை வந்தார். “மாமா, ஊட்டிக்காரர்கிட்டப் பேசிட்டேனுங்க. நாளைக்கு வண்டி வருது. ஏறுறதுக்கு ஆளு இல்லீங்களே.”

என் முழங்கால் இருக்கிற லட்சணத்துக்கு நான் ஏற முடியாது. ஒரு வார்த்தைதான் கேட்டேன். “ஒரே ஒரு தடவை ஏறிப் பாருங்க தம்பி. அப்புறம் அனுப்பலாம்.”

பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். நான் பக்கத்திலேயே நடந்தேன். ஷெட் நெருங்க நெருங்க என் கண் அதன் வாசல் மேலேயே இருந்தது. ஷட்டர் பாதி திறந்திருந்தது. அப்பாடா என்று நினைத்த நேரத்தில் மீதியையும் தூக்கினார்கள்.

தடார்.

செவலை பாய்ந்தது. உங்கள் மகனும் இழுத்தார், உங்களைப் போலவே பின்னால் சாய்ந்து. ஷெட் பெண்கள், “இழுங்கண்ணா!” என்றார்கள். நான் நொண்டிக்கொண்டே ஓடினேன். “விடுங்க தம்பி! கயித்த விடுங்க!” அவருக்குக் கேட்கவில்லை. ரோட்டில் ஒரு வேன் ஹாரன் அடித்தது. இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். “உங்கத்தா விட்டாரு கண்ணு! விடு!”

விட்டார். கழுத்தோடு கட்டிக்கொண்டு படுத்துவிட்டார். செவலை தளர்ந்து, நடந்து, நீங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. வேன்காரன் தலையை நீட்டி, “ஏனுங்கண்ணா, கம்பெனிக்கு லேட்டுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

உங்கள் மகன் இறங்கவில்லை. முகத்தைப் பிடரியிலேயே வைத்திருந்தார்.

“அத்தா சட்டை வாசம் அடிக்குதுங்க மாமா.”

பிறகு, “ஊட்டிக்காரர்கிட்ட நீங்களே பேசிடுங்க. வண்டி வேண்டாம்னு சொல்லிடுங்க. எனக்கு இப்பப் பேச்சு வராது” என்றார். கயிறு தொய்ந்து தொங்க, செவலை தானாகவே திரும்பித் தோட்டத்துக்கு நடந்தது.

வகுப்பில் நான் அழுத்துகிற அழுத்தில் பென்சில் முனை அடிக்கடி உடையும். முந்தாநாள் டீச்சரம்மா என் கையைப் பார்த்துவிட்டு, “ஐயா, இவ்வளவு இறுக்கம் வேண்டாமுங்க. விட்டுப் பிடிங்க” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இதை எனக்கு ஏற்கெனவே ஒருத்தர் சொல்லியிருக்காருங்க” என்றேன்.

இந்த மடல் முழுவதும் முனை ஒரு தடவைகூட உடையவில்லை, பாய்.