கம்மிய குரல்

ஐப்பசி, ஞாயிறு இரவு

இரண்டு மாதமாக நான் தீனி வைத்து வளர்த்த வாத்துக் குஞ்சுகளில் தன் பங்கை எடுக்க நங்கை இன்று சங்ககிரியிலிருந்து வந்தார். என் கணவரின் அக்கா. வாங்கும்போது ஆளுக்குப் பாதி என்றுதான் பேச்சு. இன்றைக்கு, "எனக்குப் பொட்டையாவே குடுத்துரு அம்மணி. முட்டைக்குத்தான கேக்கறேன். சேவலெல்லாம் நீயே வெச்சுக்க" என்றார்.

எல்லாம் ஒரே நிறம். எதைப் பார்த்துப் பிரிப்பது என்று இவர் தலையைச் சொறிந்தார்.

"இதென்ன பெரிய வித்தையா? கத்தறது சேவல், அடங்கிக் கெடக்கறது பொட்டை. உம்பொண்டாட்டியாட்டம் கத்தற பொட்டை எங்கியாச்சும் ஒண்ணுதான் இருக்கும்" என்றார் தம்பியிடம்.

இவர் சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து என் குரல்தான் நங்கைக்குக் கிண்டல். எங்கள் மகளுடைய சீர் விசேஷத்தன்று, "மைக் எதுக்கு, இவ இருக்கறாளே" என்று பந்தியிலேயே சொன்னவர்.

குஞ்சு விற்றவர் எனக்குச் சொல்லியிருந்தார். வாத்து, கோழிக்கு நேர்மாறு. கணீரென்று கத்துவது பொட்டை. ஆணுக்குத்தான் தொண்டை கட்டியதுபோல் கம்மிய குரல்.

நான் வாயைத் திறக்கவில்லை. கம்மிய குரல்களாகப் பார்த்து நானே பிடித்துக் கூடையில் போட்டுக் கொடுத்தேன். "இப்பத்தான் பொம்பளையாட்டம் அடக்கமா இருக்கற" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

இன்னும் கொஞ்ச நாளில் அவர் கொண்டுபோன அத்தனைக்கும் ஆண் வாத்தின் அடையாளமாக வாலில் இறகு சுருண்டு நிற்கும். அதுவரை முட்டைக்குக் காத்திருக்கட்டும். ஃபோன் செய்து கேட்பார். அப்போது சத்தமாகவே சொல்வேன்.

கொட்டகையில் என் பொட்டைகள் கத்துகின்றன. இவர் புரண்டு படுத்து, "தூங்க விடுதுகளா பாரு" என்கிறார்.

விடாது.