இடது கையைத் தூக்கு

அன்பு மகனுக்கு,

போனில் கேட்டால் "ஒண்ணும் இல்லப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் அம்மா அனுப்பும் வஞ்சிர வறுவலோடு இதை வைக்கிறேன்.

இன்று பந்து போட்டுவிட்டுத் திரும்பி நடக்கும்போதெல்லாம் வியர்வையை இடது கையால் துடைத்தாய். பவுண்டரியிலிருந்து பந்தை எறியாமல் உருட்டிவிட்டாய். எனக்குத் தோள் போன சமயத்தில் நானும் இப்படித்தான் மறைத்து மறைத்துப் போட்டேன். கடைசியில் பந்து போய் மைக் வந்தது.

கமெண்டரி அறைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, "புயல் மாதிரி வர்றான்!" என்றேன். "இன்னும் எனர்ஜி சார்" என்றது ஹெட்போன். கத்தினேன். மூலக்குளம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அம்மா, "புள்ள சூப்பரா போட்டான்ல?" என்று கேட்டாள். தலையாட்டினேன்.

வலிக்கிறது என்று நீ சொன்னால் டீமில் உன் இடம் போய்விடும். உன்னைக் கேட்காமல் நான் சொன்னால் நீ என் முகத்தில் விழிக்க மாட்டாய்.

நாளைக்கு ஓடிவரும் முன் என் கண்ணாடிப் பக்கம் பார்த்து ஒரு கையைத் தூக்கு. உனக்குத் தோள் வலி என்று மைக்கிலேயே சொல்லிவிடுகிறேன், என் வேலை போனால் போகட்டும்.

இடது கையையே தூக்கு. ஓடிவந்து சுழற்றாமல் வலது கை மேலே போகாது. எனக்கு இன்றும் போவதில்லை.

உன் அப்பா