லீக்ஸ் பாத்தி வழியா ஒரு பாதை

மேட்டு லயம்,
மஸ்கெலியா.
18-2-1957

என் உடம்பொறப்பு பூரணி அக்காவுக்கு, தங்கச்சி வேலாயி கும்புட்டு எழுதுறது. உடப்புசல்லாவையில நீயும் மச்சானும் அம்மாவும் சுகமா இருக்கணும். இங்க நானும் சுகம்னு எழுதினா பொய்யாப் போயிரும். வயிறு எரியுது அக்கா. அதக் கொட்டத்தான் இந்தக் கடுதாசி.

அம்மா பள்ளத்துப் பீலியில ஊத்துத் தண்ணி எடுக்கப் போயி வழுக்கி விழுந்துருச்சுன்னு எழுதியிருந்த. கையப் புடிச்சு எறங்க ஒரு கம்பி நட்டுக் குடுங்கன்னு கேட்டதுக்கு, கெழவிகளுக்கெல்லாம் கம்பி நட்டா தோட்டம் உருப்பட்ட மாதிரிதான்னு உங்க கணக்கப்புள்ள சிரிச்சானாமே. அவனும் எங்க சிவசாமி கங்காணியும் ஒரே வயித்துல பொறந்திருப்பானுங்க போல.

எங்க வீட்டுக்காரரு, இவருக்கு இடுப்புக்குக் கீழ வெளங்காமப் போயி மூணு வருசம் ஆகப் போகுது. அன்னைக்குக் காத்து பேயா அடிக்குது, மரத்த நாளைக்கு வெட்டுவோம்னு இவரு சொன்னது எனக்குத் தெரியும். நீயென்ன பொம்பளையா, போயி வெட்டுடான்னு வெரட்டுனது கங்காணி. மரம் சாஞ்சது இவரு மேல. கங்காணி மேல ஒரு தூசு கூட விழல.

எங்க லயத்து வரிசை வீடுங்க இருக்குறது மேட்டுல. கோயிலுக்கோ ரோட்டுக்கோ எறங்கணும்னா கல்லுப் படிதான். மழை பெஞ்சா பாசி. ஆஸ்பத்திரிக்குன்னா நாலு ஆம்பளைங்க கம்பளியில போட்டுத் தூக்கிட்டுப் போவாங்க. கோயிலுக்குப் போகணும், சும்மா வெயில்ல ஒக்காரணும்னா யாரத் தூக்கச் சொல்றது? பொணத்தத் தூக்குற மாதிரி இருக்கு, வேணாம் விடுன்னுட்டாரு இவரு. திருவிழாவுக்குக் கரகம் சோடிச்சுப் பாலிக்கிறப்ப உடுக்கு அடிச்சு அம்மனக் கூப்புட்ட மனுசன், இப்ப வாசல்ல ஒக்காந்து கீழ கேக்குற சத்தத்துக்குத் தொடையில தாளம் போடுறாரு.

தேயிலை ஸ்டோரு ஆசாரி கணேசமூர்த்தி அண்ணன் பெட்டிப் பலகையில சில்லு வச்சு ஒரு வண்டி செஞ்சு குடுத்தாரு. கையால தரையத் தள்ளிக்கிட்டு தானே போயிக்கலாம். படியில அது எப்படி எறங்கும்? கட்டிலுக்கு அடியில கெடக்குது. கோழி அதுல ஏறி முட்ட விடுது.

படி இல்லாமச் சரிவா எறங்க ஒரே ஒரு எடம்தான் உண்டு. அங்க கங்காணி லீக்ஸ் மரக்கறிப் பாத்தி போட்டிருக்கான். அதுல ஓரமா ரெண்டு பாத்தி விட்டாப் போதும், பாதைய நாங்களே வெட்டிக்கிறோம்னு கேக்கப் போனேன். பக்கத்துக் காம்பராவுல குடியிருக்குற, கண்ணு மங்கிப்போன கஸ்பர் ஐயாவும் தடிய ஊணிக்கிட்டு கூட வந்தாரு. அவருக்கும் அந்தப் படி எமன். கங்காணி ஈசிச் சேருல சாஞ்சுக்கிட்டு, காலையில பெரட்டுக் களத்துக்கு வந்து வேலைக்குப் பேரு குடுக்காத காலுக்குப் பாதை எதுக்குடின்னான். சுத்தி இருந்தவனுங்க பல்லக் காட்டுனானுங்க.

அந்தப் பேச்ச நான் முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேன் அக்கா. அவன் கையாலயே அந்தப் பாத்திய வெட்ட வைக்கலன்னா நான் நம்ம அப்பனுக்குப் பொறந்தவ இல்ல. பங்குனியில திருவிழா வருது. பாத்துக்கிறேன்.

அம்மா காலுக்கு நல்லெண்ணெயக் காச்சி சூடா நீவி விடு.

உன் தங்கச்சி,
வேலாயி


மேட்டு லயம்,
மஸ்கெலியா.
10-4-1957

அன்புள்ள அக்காவுக்கு, திருவிழா எல்லாம் முடிஞ்சு வேலாயி எழுதுறது. எல்லாரும் நல்லா இருக்கோம். இந்தத் தடவ நெசமாத்தான் எழுதுறேன். படிச்சதும் இத அடுப்புல போட்டுரு. மச்சானுக்குப் படிச்சுக் காட்டாத, அவரு வாயில ஒண்ணும் நிக்காது.

கரகம் வழக்கம் போல எங்க படிக்குக் கீழ வந்து நின்னுச்சு. இவரு எடத்துல கங்காணியோட மச்சினன் உடுக்கு அடிக்கிறான். அடியா அது? தகர டப்பாவத் தட்டுற மாதிரி. நான் மஞ்சத்தண்ணிக் கொடத்தோட எறங்கிப் போனேன். கரகத்துக்கு ஊத்த வேண்டிய தண்ணிய என் தலையில கவுத்துக்கிட்டேன். கொண்டைய அவுத்து விட்டு, ஏய்னு ஒரு சத்தம் போட்டேன் பாரு, எனக்கே பயமாப் போச்சு.

என்னக் கூப்புடுறவன் எங்கடா, அவன் உடுக்குச் சத்தம் கேக்காம நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்டான்னு ஆடுனேன். மச்சினன் உடுக்கக் கீழ வச்சுட்டான். கங்காணி அசையல. இது சாமியும் இல்ல பூதமும் இல்ல, வேலாயி போடுற கூத்து, இழுத்து ஓரமா ஒக்கார வைங்கடின்னு கத்துனான். ரெண்டு பொம்பளைங்க வந்து என் கையப் புடிச்சிட்டாளுக. கூட்டத்துல எவனோ சிரிச்சான். அன்னைக்கு அடங்கியிருந்தா காலத்துக்கும் நான் தல நிமிந்து நடக்க முடியாது, இவரும் அந்த வாசல விட்டு எறங்க முடியாது.

அப்பத்தான் அக்கா, இவரு பேரச் சொன்னேன்.

தாலி ஏறுன நாள்லருந்து என் நாக்குல வராத பேரு. ஆஸ்பத்திரியில துண்டு எழுதுறவரு பேரு கேட்டப்பக் கூட பக்கத்துல இருந்த ஆளக் கைகாட்டிச் சொல்ல வச்சவ நான். அந்தப் பேர முழுசா, தொண்டை கிழியச் சொல்லி, என் புள்ளைய எங்கடா அடைச்சு வச்சிருக்கீங்கன்னு அலறுனேன்.

கையப் புடிச்சவளுக நெருப்பத் தொட்ட மாதிரி விட்டுட்டாளுக. எங்க லயத்து நாகலெட்சுமி அத்தைதான் மொதல்ல மண்ணுல விழுந்துச்சு. வேலாயி செத்தாலும் புருசன் பேரச் சொல்ல மாட்டாளே, இது தாயேதான்னு அழுதுச்சு. அப்புறம் ஒவ்வொருத்தரா விழுந்தாங்க. கடைசியா கங்காணியும் தலப்பாவ அவுத்துக்கிட்டு என் கால்ல விழுந்தான். நடுங்குறான் அக்கா! அந்த நடுக்கத்தப் பாக்க நான் எத்தன நாளு காத்திருந்தேன்.

பாதை வேணும்னேன். படி இல்லாத பாதை, உன் லீக்ஸ் பாத்தி வழியா, உன் கையால வெட்டணும்னேன். ஓரமா விட்டுத் தாறேன் தாயேன்னு பேரம் பேசுனான். முடியாது, நடுவாலன்னுட்டேன். ஓரமா விட்டாலே போதும், வண்டி போகும். நடுவால கேட்டது என் கொழுப்பு. திருவிழாவுக்குன்னு மாத்தளையிலருந்து வந்த வேப்பங்கொத்தால அவன் முதுகுல ரெண்டு சாத்து சாத்துனேன். ஒண்ணு அம்மன் கணக்கு, இன்னொண்ணு என் கணக்கு.

வெட்டுறேன்னு அவன் சத்தியம் பண்ணவும்தான் கரகத்த நகர விட்டேன். மறுநாளு தொரைகிட்டப் போயி கையக் கட்டி நின்னு உத்தரவு வாங்கிட்டு வந்து மம்பட்டியத் தூக்குனான். நான் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறப்பயும் வர்றப்பயும் கொழுந்துக் கூடைய எறக்கி வச்சுட்டு நின்னு பாப்பேன். கங்காணியா இருந்து இருந்து கை மெத்துன்னு போயிருக்கு, உள்ளங்கை கொப்புளிச்சு ஒடைஞ்சிருச்சு. எளம் லீக்ஸ் எல்லாம் மண்ணுக்குள்ள போச்சு. ஆளுங்க ஒத்தாசைக்கு வந்தப்ப நான் வேணாம்னு சொல்லல. அம்மன் என்ன சொல்லுச்சுன்னு மறந்துருச்சான்னு மட்டும் கேட்டேன். அவங்க திரும்பிப் போயிட்டாங்க. பாவமா இல்லையாடின்னு நீ கேப்ப. இல்ல அக்கா. இனிச்சுச்சு.

பாதையில மொதல்ல எறங்குனது கஸ்பர் ஐயா. வேதக்காரரு, கோயில் பக்கம் தல வச்சுப் படுக்காதவரு, தடியத் தட்டிக்கிட்டே எறங்கி வந்து, உங்க அம்மனுக்கு என் தோத்திரத்தையும் சொல்லிருன்னாரு. லயத்துல முட்டிவலிக்காரங்க, முழுகாம இருக்குறவ எல்லாரும் இப்ப அந்த வழிதான். கங்காணி பொஞ்சாதி கூடத் தண்ணிக் கொடத்தோட அதுலதான் போறா. எனக்கு அதுதான் பொறுக்கல.

அப்புறம் இவரு எறங்குனாரு. கோழிய வெரட்டிட்டு வண்டிய எடுத்து, மடியில உடுக்க வச்சுக்கிட்டு, யாரும் தொடக் கூடாதுன்னுட்டு தானே எறங்குனாரு. கங்காணி வீட்டு வாசல்ல வண்டி நின்னுச்சு. அவன் கையில துணி சுத்திக்கிட்டு ஒக்காந்திருக்கான். நறுக்குன்னு நாலு வார்த்த கேப்பாருன்னு நான் பின்னால காதத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன். இந்த மனுசன் என்ன சொன்னாருன்னு நெனைக்கிற? கும்புடுறேன் கங்காணி, பாதை நல்லா இருக்குன்னாரு! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வண்டியோட கவுத்து விட்டுருப்பேன். ஆனா கோயில் வாசல்ல அந்த உடுக்குச் சத்தம் கேட்டப்ப நெசமாவே எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு.

உங்க கணக்கப்புள்ள இன்னும் கம்பி நடலன்னா, உங்க தோட்டத்துல திருவிழா எப்பன்னு எழுது. பஸ் ஏறி வந்துர்றேன். அம்மாவ அது வரைக்கும் பீலிக்கு அனுப்பாத.

கடைசியா ஒண்ணு. சாயங்காலம் சோறு போடையில இவரு சொன்னாரு, எத்தனையோ வருசம் அம்மனக் கூப்புட்டவன் நான், அது குரல் எனக்குத் தெரியும், அன்னைக்கு மேல வரைக்கும் கேட்டது உன் குரல்தான்னு. எனக்கு அகப்பை கைய விட்டு நழுவிருச்சு. இவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு, இன்னொரு தடவ சொல்லேன்னாரு. மாட்டேன்னுட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

புருசன் பேரச் சொன்னா அவரு ஆயுசு கொறையும்னு அம்மா சொல்லுமே அக்கா. அம்மன் வாயால வந்திருந்தா தோஷம் இல்ல. இது என் வாயால வந்தது. கங்காணிய ஏமாத்துனதுக்கு எனக்கு ஒரு பொட்டு பயம் கிடையாது. இதுக்குத்தான் பயமா இருக்கு. நீங்க கதிர்காமம் போறப்ப இவரு ஆயுசுக்கு ஒரு வெளக்கு ஏத்து. கொறையுறதா இருந்தா என்னோடதுல கொறையட்டும்னு சொல்லு. கங்காணிக்கு ஒண்ணும் வேண்டிக்காத. இவரு பேரச் சொல்லி வேண்டிக்க. உனக்குத் தெரியும், நான் எழுத மாட்டேன்.

உன் தங்கச்சி,
வேலாயி