உன் வேப்பங்கன்றைச் சுற்றி ஒரு முழம்

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் அறுகம்புல் வாசனை போகவில்லை, மச்சான்.

நீ மவுத்தான மறுவாரம், பிரான்சுக்குத் திரும்பும் முன் உன் மகன் உன் கபரின் தலைமாட்டில் ஒரு வேப்பங்கன்றை நட்டான். "பாத்துக்குங்க மாமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு வருடமாக ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தவறியதில்லை. தொழுகை முடிந்ததும் நெல்லித்தோப்புப் பள்ளிவாசலிலிருந்து நேராக வந்து இரண்டு குடம் ஊற்றுவேன். சுற்றிலும் புல் கன்றின் உயரத்துக்கு மண்டியது. நான் தொடவில்லை. கபர்ஸ்தானில் பச்சையைப் பிடுங்கக் கூடாது, அது இறைவனைத் துதிக்கும், உள்ளே இருப்பவருக்கு லேசாகும் என்று கேட்டு வளர்ந்தவன்தானே நான்.

பல வருடம் முன்பு இதே கபர்ஸ்தான் மதிலோரம் நீ கன்று நட்ட அன்று அதற்காக உன்னோடு சண்டையே போட்டேன். நீ குந்தி உட்கார்ந்து ஒரு முழத்துக்குப் புல்லைச் செதுக்கி, காய்ந்த சருகை மூடாக்காகப் பரப்பினாய். தண்டில் படாமல் நாலு விரல் தள்ளியே வைத்தாய்.

"பச்சைய புடுங்குறியேடா, பாவம்டா."

"கபர் மேல இருக்கறதத்தாண்டா தொடக்கூடாது. இத உட்டா, ஊத்துற தண்ணிய புல்லே குடிச்சிடும்."

பெரிய விவசாயி வந்துட்டாரு என்று உன்னைக் கிண்டல் செய்தேன்.

இன்று தண்ணீர் ஊற்றிவிட்டுப் புல்லை விலக்கிப் பார்த்தால், கன்றில் ஒரு இலை இல்லை. நட்டபோது இருந்த அதே முழங்கால் உயரம். பதறிப்போய்ப் புல்லைப் பிடித்து இழுத்தேன். வேர் பாய் மாதிரிச் சுருண்டு வந்தது. ஊற்றிய தண்ணீரெல்லாம் அதிலேயே நின்றுவிட்டது. அடியில் மண் பொடிப்பொடியாகக் காய்ந்து கிடந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நிமிர்ந்தால், மதிலோரம் நீ நட்ட மரம் நிழல் விரித்து நிற்கிறது.

நகத்தால் தண்டைக் கீறினேன். அடியில் மட்டும் மெல்லிய பச்சை. உன் மேல் இருக்கும் புல்லை விட்டுவிட்டேன். கன்றைச் சுற்றி மட்டும் செதுக்கி, உன் மரத்துச் சருகையே அள்ளிவந்து போட்டேன், நாலு விரல் தள்ளி.

வாராவாரம் உன் மகன் போனில் கேட்பான், மரம் எப்படி இருக்கிறது என்று. "பச்சப் பசேல்னு இருக்குப்பா" என்பேன். பொய் சொல்கிறோம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இன்று, "கன்னு வாடிப்போச்சுப்பா. சுத்தி இருக்கற புல்ல எடுக்கணும்னு உங்க அத்தா அப்பவே சொன்னாரு, நான்தான் கேக்கல" என்றேன்.

"எவ்ளோ தூரம் எடுக்கணும்னு சொன்னாரு மாமா?" என்றான்.

ஒரு முழம், மச்சான். உன் கையால் ஒரு முழம்.